விஎம்களுக்குக் கொடுத்த சிபியு கணக்கை எங்கே எழுதி வைக்கிறீர்கள்?

தண்டையார்பேட்டை_தம்பி:
வணக்கம். தண்டையார்பேட்டையில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் சிஸ்டம் வேலை பார்க்கிறேன். ஒரே ஒரு சர்வர், 8 கோர், ஹைப்பர்த்ரெடிங்கோடு 16 த்ரெட், ப்ராக்ஸ்மாக்ஸ் (ஒரே சர்வரில் பல விஎம்களை ஓட்டும் மென்பொருள்) போட்டு ஏழு விஎம், அதாவது மெய்நிகர் கணினிகள், ஓடுகின்றன. எனக்கு முன்னால் இருந்தவர் ஒரு எக்செல் ஷீட் விட்டுப் போயிருக்கிறார். அதில் கணக்குப் பிரிவின் விஎம்முக்கு 4 சிபியு, செட்டிங்கைத் திறந்து பார்த்தால் 8. யார் ஏற்றினார்கள், எதற்கு என்று கேட்டால் ஆளாளுக்குக் கையை விரிக்கிறார்கள். ஏழையும் கூட்டினால் 26 வருகிறது, இருப்பதோ 16 த்ரெட்தான், அது வேறு பயம். அடுத்த வாரம் ஆடிட், ஆவணம் கேட்பார்கள். ஷீட்டைத் திருத்திக் கொடுத்தால் போதுமா?

காசிமேடு_கேபிள்:
26-ஐப் பார்த்துப் பயப்பட வேண்டாம் தம்பி. ஹார்பர் கேட் மாதிரிதான், லாரி எத்தனை இருந்தாலும் எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பினால்தான் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு அடைத்துக்கொள்ளும். விஎம் லினக்ஸ் என்றால் உள்ளே 'டாப்' கட்டளை அடித்து 'எஸ்டி' எண்ணைப் பாருங்கள், விஎம் சிபியுவுக்காகக் காத்துக்கிடந்த நேரத்தின் சதவீதம் அது, அது ஏறிக்கொண்டே போனால்தான் கவலை.

ஷீட் வேண்டாம், கையால் எழுதுவது என்றைக்கும் பின்தங்கித்தான் இருக்கும். ஒவ்வொரு விஎம்முக்கும் ஒரு கான்ஃபிக் ஃபைல் இருக்கிறதே, அதுதான் உண்மை. 'க்யூஎம் கான்ஃபிக்' என்று விஎம் எண்ணோடு அடித்தால் வந்துவிடும், தினமும் ஒரு நகல் எடுத்து கிட்டில் (ஃபைலில் வரும் மாற்றங்களைத் தேதியோடு சேமிக்கும் மென்பொருள்) போட்டு வையுங்கள், என்றைக்கு மாறியது என்று தானே தெரிந்துவிடும். ஏன் மாறியது என்பதை மட்டும் மனிதன்தான் எழுத வேண்டும், அதற்கு விஎம்மின் நோட்ஸ் பகுதியே போதும். அதுவும் அதே ஃபைலில்தான் உட்காரும், பேக்கப்போடு கூடவே போகும்.

பழைய_வண்ணை:
கூட ஒன்று. '8 சிபியு' என்று மொட்டையாக எழுதாதீர்கள், சாக்கெட் (விஎம்முக்குக் காட்டும் சிப்) எத்தனை, ஒவ்வொன்றிலும் கோர் எத்தனை என்று பிரித்து எழுதுங்கள். நான் ஒருமுறை விண்டோஸ் 10 ப்ரோ விஎம்முக்கு 8 சாக்கெட், தலா 1 கோர் என்று கொடுத்துவிட்டு இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன், ப்ரோ 2 சாக்கெட்டுக்கு மேல் எடுத்துக்கொள்ளாது, மீதி ஆறும் சும்மா கிடந்தன. 1 சாக்கெட், 8 கோர் என்று மாற்றியதும் சரியாகிவிட்டது. என் குறிப்பிலும் அப்போது '8' என்றுதான் இருந்தது!

திருவொற்றியூர்_ரூட்:
சிபியு யூனிட்ஸ் (நெரிசலில் யாருக்கு எவ்வளவு பங்கு என்ற எடை), சிபியு லிமிட் (அதிகபட்ச அளவு) இரண்டையும் விட்டுவிடாதீர்கள். லிமிட் 0 என்றால் வரம்பே இல்லை என்று பொருள், பூஜ்யத்தைப் பார்த்து ஆடிட்டர் குழம்புவார், பக்கத்தில் ஒரு வரி போடுங்கள். யூனிட்ஸ்தான் வில்லங்கம். பழைய சிக்ரூப் (லினக்ஸ் சிபியுவைப் பங்கிடும் ஏற்பாடு) முறையில் இயல்பு மதிப்பு 1024, ப்ராக்ஸ்மாக்ஸ் 7-இல் வந்த புதிய முறையில் 100. யாராவது அந்தக் காலத்தில் 1024 என்று கையால் எழுதி வைத்திருந்தால், அப்கிரேடுக்குப் பிறகு மற்றவை 100-இல் நிற்கும்போது அது மட்டும் பத்து மடங்கு எடை. சாதாரண நாளில் தெரியாது, நெரிசல் வந்தால் மற்ற விஎம்களை ஓரங்கட்டிவிடும். அதனால் ஆவணத்தில் ப்ராக்ஸ்மாக்ஸ் வெர்ஷனையும் எழுதுங்கள், வெர்ஷன் இல்லாமல் அந்த எண்ணுக்கு அர்த்தமே கிடையாது.

தண்டையார்பேட்டை_தம்பி:
அண்ணன்களே, ரொம்ப நன்றி. ஏழையும் திறந்து பார்த்துவிட்டேன். கணக்கு விஎம் 2 சாக்கெட், தலா 4 கோர், அது பிழைத்தது. லிமிட் எல்லாம் 0. ஆனால் ஒன்றில் மட்டும் 1024 இருக்கிறது, எதில் தெரியுமா, மாதத்துக்கு இரண்டு முறைகூட யாரும் தொடாத பழைய பிரிண்ட் சர்வரில். அந்த வரியை எடுத்துவிட்டு, ஏன் எடுத்தேன் என்று தேதியோடு நோட்ஸில் எழுதிவிட்டேன்.