ரேஞ்ச்ஃபைண்டர்: தொலைவுமானியா, இணைநோக்கியா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

சில பழைய ஃபிலிம் கேமராக்களில், ஒரே பொருளின் இரண்டு படிமங்களை ஒன்றாகச் சேர்த்து ஃபோகஸ் செய்ய உதவும் அமைப்புக்கு ரேஞ்ச்ஃபைண்டர் என்று பெயர். தமிழில் அதற்குத் "தொலைவுமானி" என்ற சொல் முன்வைக்கப்பட்டிருக்கிறது. சொல்லாக்கத்தில் பிழை எதுவும் இல்லை. ரஷ்யரும் "தல்னமேர்" என்றுதான் சொல்கிறார்கள். தொலைவை அளப்பது என்பதே அதற்கும் பொருள். பீரங்கிப் படை இலக்கின் தூரத்தைக் கணிக்க வைத்திருந்த கருவிக்கும் அதே பெயர்தான். ஆனால் சோவியத் காலத்து ஃபெட், ஜோர்க்கி, கீவ் கேமராக்களைத் தேடிச் சேர்த்து, அவற்றில் ஃபிலிம் போட்டுப் படமும் எடுத்து வருகிறவன் என்ற முறையில் எனக்கு இதில் மறுப்பு உண்டு. வெப்பமானி ஓர் எண்ணைக் காட்டும், அழுத்தமானியும் அப்படியே. ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் படம் எடுக்கிறவர் எண்ணைப் பார்ப்பதே இல்லை.

என் ஃபெட்-2 ஐ எடுத்துக்கொள்கிறேன். வாசற்படியில் அம்மா உட்கார்ந்திருக்கிறார். கேமராவின் பின்புறச் சாளரத்தில் கண்ணை வைத்தால் நடுவே சிறு திட்டு ஒன்று தெரியும். அதற்குள் அம்மாவின் மூக்குக்கண்ணாடி இரண்டாக இருக்கும். இந்துஸ்தார் லென்சின் வளையத்தைத் திருப்பத் திருப்ப, மங்கலாகத் தெரிகிற இரண்டாவது கண்ணாடி மெல்ல நகர்ந்து வந்து முதலாவதன்மேல் உட்காரும். அது உட்கார்ந்ததும் ஃபோகஸ் சரி. லென்சின் பின்பக்கத்தை ஒரு நெம்புகோல் தொட்டபடியே இருக்கிறது. லென்ஸ் முன்னே பின்னே போகும்போது நெம்புகோல் அசைகிறது, அதோடு இரண்டாவது படிமமும் நகர்கிறது. எத்தனை மீட்டர் என்பது லென்சின்மேல் பொறித்திருக்கிறதுதான். ஆனால் அதைப் படிக்கக் கண்ணைச் சாளரத்திலிருந்து எடுக்க வேண்டும். எடுத்தால் அம்மாவின் முகபாவம் மாறிவிட்டிருக்கும்.

ஆகவே கண்ணும் கையும் செய்கிற வேலையிலிருந்து சொல் பிறக்கட்டும். நான் முன்வைப்பது: இணைநோக்கி.

"இணை" என்றால் சோடி. திட்டுக்குள் தெரிகிற இரண்டு படிமங்கள் ஒரு சோடி. "இணை" என்பது வினையும்கூட. இணைந்த, இணைகின்ற, இணையும் நோக்கி என்று வினைத்தொகையாக விரியும். இணைகோடு என்கிறோமே, அந்தப் பொருளும் இங்கே பொருந்துகிறது. லென்சை முடிவிலியில் வைத்து அடிவானத்தைப் பார்க்கும்போது, கேமராவின் முன்புறத்து இரு சாளரங்களிலிருந்தும் புறப்படும் பார்வைக்கோடுகள் இணையாகவே செல்கின்றன. பொருள் அருகே வர வர அவை ஒன்றை நோக்கி ஒன்று சாய்கின்றன. கருவி இயங்கும் தத்துவமே அந்தச் சாய்வுதான்.

முதலில் "ஒப்புநோக்கி" என்று எழுதிவைத்திருந்தேன். வாக்கியத்தில் போட்டுப் பார்த்தால் அது வினையெச்சமாகவே காதில் விழுகிறது. "ஒப்புநோக்கி வாங்கினேன்" என்றால் கேமராவையே காணோம்! அதனால் கைவிட்டேன். இணைநோக்கி என்றால் பைனாகுலர் என்று எடுத்துக்கொள்ள மாட்டார்களா என்று கேட்கலாம். அதற்கு இருகண்நோக்கி என்ற சொல் இருக்கிறது.

"தொலைவுமானி" முழுப் பொருத்தமாக அமையும் இடம் ஒன்று உண்டு, அதை மறைக்கக் கூடாது. உக்ரைனின் கார்கோவ் நகரில் கல்வியாளர் அன்டோன் மகரென்கோ ஆதரவற்ற சிறுவர்களுக்காக நடத்திய கம்யூனில் 1934 இல் உற்பத்தி தொடங்கிய முதல் ஃபெட், 1932 இன் ஜெர்மன் கேமராவான லைக்கா II ஐப் பார்த்துச் செய்தது. சோவியத் ரகசியப் போலீசை நிறுவிய ஃபெலிக்ஸ் எத்முந்தோவிச் ஜெர்ஷின்ஸ்கியின் முதலெழுத்துகளே அதன் பெயர். அதில் கண் வைக்கும் துளைகள் இரண்டு. ஒன்றில் படிமத்தைச் சேர்த்துவிட்டு, கண்ணை அடுத்த துளைக்கு மாற்றிப் படத்தின் சட்டகம் பார்க்க வேண்டும். அங்கே அளப்பது தனி வேலை, பார்ப்பது தனி வேலை. 1936 இல் வந்த ஜெர்மன் கேமரா கான்டாக்ஸ் II இரண்டையும் ஒரே சாளரத்தில் சேர்த்தது. போருக்குப்பின் அதன் உற்பத்திக் கருவிகள் ஜெர்மனியிலிருந்து சோவியத் ஒன்றியத்துக்குப் போய், கீவ் நகரின் அர்செனல் ஆலையில் "கீவ்" கேமராவாக உருவெடுத்தன. 1955 இன் ஃபெட்-2, அடுத்த ஆண்டின் ஜோர்க்கி-4 எல்லாமே ஒரே சாளரம்தான். ஜெர்மானியர் இந்தச் சேர்க்கைக்குத் தனிச்சொல்லே ஆக்கிக்கொண்டார்கள்: "மெஸ்ஸூஹர்". அளவும் நோக்கியும் சேர்ந்த சொல் அது. லைக்கா எம் வரிசையின் "எம்" அங்கிருந்து வந்தது. "ஜோர்க்கி" என்பதற்கு ரஷ்ய மொழியில் கூரிய பார்வையுடைய என்று பொருள். பெயர் வைத்தவர்களும் கண்ணைத்தான் நினைத்திருக்கிறார்கள்.

ஒரு கலைச்சொல் பழுதுபார்க்கும் மேசையில் நிற்குமா என்பது எனக்கு முக்கியம். நான் வாங்கிய ஜோர்க்கி-4 ஐ எல்லாம் சரியாக இருப்பதாகச் சொல்லித்தான் விற்றார்கள். வீட்டுக்கு வந்து எதிர்வீட்டுக் கைப்பிடிச்சுவரைப் பார்த்தேன். படிமங்கள் பக்கவாட்டில் சேர்ந்தன. ஆனால் ஒன்று மற்றதைவிட மயிரிழை மேலே நின்றது. முன்புறச் சிறு சாளரத்தின் வளையத்தைக் கழற்றி, உள்ளே தெரிகிற கண்ணாடியைத் துளித் துளியாகத் திருப்பியதும் இறங்கி வந்தது. இதைத் தமிழில் "இணை மேலே விலகியிருந்தது, சரிசெய்தேன்" என்று சொல்லிவிடலாம். "தொலைவுமானி மேலே விலகியிருந்தது" என்றால் கருவியே கழன்றுவிட்டதாக அல்லவா படும்?

இன்னொரு சொல்லும் தேவைப்படுகிறது. முன்புறத்து இரு சாளரங்களுக்கு இடையிலான தூரம் கூடக்கூட ஃபோகஸின் துல்லியமும் கூடும். ஜோர்க்கி-4 இல் அது 38 மி.மீ., ஃபெட்-2 இல் 67, கீவில் 90. நம் இரு கண்களுக்கு இடைப்பட்ட தூரத்தால் ஆழம் தெரிவதைப் போன்றதே இதுவும் என்பதால் "கண்ணிடை" என்று வைக்கலாம் எனத் தோன்றுகிறது. "அடித்தொலைவு" என்றும் யோசித்தேன், அதில் உயிர் இல்லை.

"கீவின் கண்ணிடை அகலம், இணை நுணுக்கமாகச் சேரும். ஆனால் விரல் சிறு சாளரத்தை மறைத்துவிடாமல் பிடிக்க வேண்டும்." கேமராவைத் தொட்டே பார்க்காத ஒருவரிடம் இந்த வரிகளைக் காட்டி, அவருக்கு என்ன புரிகிறது என்று கேட்டு எழுதுங்கள்.