சுங்கை சிப்புட் வழியாக நீராவி ரயில்: மின்கம்பிக்குக் கீழே ஓட்ட முடியுமா?

சிப்புட்காரன் எழுதியது:

ரயில் விஷயம் தெரிந்தவர்கள் இருந்தால் கொஞ்சம் விளக்குங்கள். ஈப்போவில் இருந்து தைப்பிங் வரை மாதம் ஒரு முறையாவது நீராவி எஞ்சின் பூட்டிய சுற்றுலா ரயில் விடச் சொல்லி மனு எழுதலாம் என்று எங்கள் தோட்டத்து இளைஞர்கள் சிலர் பேசிக்கொண்டிருக்கிறோம். நம் மலேசிய நாட்டின் முதல் ரயில் 1885இல் தைப்பிங்கில் இருந்து போர்ட் வெல்டுக்கு ஓடியது. அதற்குப் பிறகு நாடு முழுக்கப் பாதை போட்டதிலும் பராமரித்ததிலும் நம் ஆட்களின் உழைப்பு எவ்வளவு என்று இங்கே சொல்ல வேண்டியதில்லை. வழியில் சுங்கை சிப்புட்டில் அரை மணி நேரம் நின்றால் ஊருக்கும் நாலு பேர் வருவார்கள், கடைகளுக்கும் வியாபாரம் நடக்கும்.

ஆனால் கோப்பிக் கடையில் பேச்சை எடுத்தாலே, "மேலே 25,000 வோல்ட் கம்பி, கீழே 140 கிலோமீட்டரில் இடிஎஸ் மின்சார ரயில், இதில் கரி வண்டிக்கு எங்கே இடம்" என்று ஒரே போடாகப் போட்டுவிடுகிறார்கள். உண்மையிலேயே முடியாதா? மற்ற நாடுகளில் எப்படிச் செய்கிறார்கள்?

பத்துகாஜா தண்டவாளம் எழுதியது:

தம்பி, கம்பி ஒரு தடையே இல்லை. பிரிட்டனில் 1968 ஆகஸ்டோடு முக்கியப் பாதைகளில் நீராவி ஓட்டத்தை நிறுத்தினார்கள், 1971இலேயே சுற்றுலா ரயிலுக்கு மறுபடி அனுமதி கொடுத்துவிட்டார்கள். இன்றைக்கும் அதே 25,000 வோல்ட் கம்பிக்குக் கீழே ஓடிக்கொண்டிருக்கின்றன. ஓட்டுபவர் யாரும் டெண்டர் (எஞ்சினுக்குப் பின்னால் கரியும் தண்ணீரும் வைக்கும் வண்டி) மேல் ஏறக்கூடாது, கரியை மேலே ஏறித் தள்ளக்கூடாது, தண்ணீரைக் கீழே நின்றபடியே குழாய் போட்டு நிரப்ப வேண்டும். இப்படிச் சில விதிகள், அவ்வளவுதான்.

தண்ணீர் பெரிய விஷயம். அங்கே பெரிய எஞ்சின்கள் ஒரு மைலுக்கு ஏறக்குறைய 40 கேலன் குடிக்கும். டெண்டரில் 5,000 கேலன் இருந்தாலும் 100 மைல் தாண்டினால் நிறுத்தி நிரப்பித்தான் ஆக வேண்டும், பழைய தண்ணீர்த் தூண்களை எல்லாம் எடுத்துவிட்டதால் லோரியில்தான் கொண்டுவருகிறார்கள். உங்கள் தூரத்துக்கு இது கவலையே இல்லை, ஒரு பொம்பா (தீயணைப்பு) வண்டி வந்து நின்றால் போதும்.

வேகத்தையும் சொல்கிறேன். அங்கே பெரிய சக்கரம் உள்ள எஞ்சின்களுக்கே வழக்கமாக மணிக்கு 75 மைல்தான், அதாவது 120 கிலோமீட்டர். நம் பாதையில் இடிஎஸ் மட்டுமா ஓடுகிறது, சரக்கு ரயிலும்தான் ஓடுகிறது. அதற்கு ஒரு நேரம் ஒதுக்க முடிகிறது என்றால் இதற்கும் ஒதுக்கலாம், ஞாயிற்றுக்கிழமை காலையாகப் பார்த்து.

நான் கண்டிப்பாக இருக்கச் சொல்வது சிக்னலில். 2015 மார்ச்சில் இங்கிலாந்தில் வூட்டன் பாசெட் என்ற சந்திப்புக்கு முன்னால் ஒரு நீராவிச் சுற்றுலா ரயில் சிவப்பு சிக்னலைத் தாண்டிப் போய்ச் சந்திப்பின் மேலேயே நின்றது. சற்று முன்னால்தான் ஒரு விரைவு ரயில் அந்த இடத்தைக் கடந்து போயிருந்தது. எஞ்சினில் எச்சரிக்கைக் கருவி இருந்தது, ஓட்டியவர்களே அதைச் செயலிழக்க வைத்திருந்தார்கள். யாருக்கும் அடி இல்லை, ஆனால் இயக்கிய நிறுவனத்துக்கு 2016இல் 2 லட்சம் பவுண்டு அபராதம். நம் வடக்குப் பாதையில் இடிசிஎஸ் இருக்கிறது, ஓட்டுபவர் சிக்னலைத் தவறவிட்டால் ரயிலைத் தானாகவே நிறுத்தும் கருவி. நீராவி எஞ்சினிலும் அதைப் பொருத்தாமல் பாதையில் விடவே கூடாது. பொருத்த முடியாது என்று யாராவது சொன்னால், பிரிட்டனில் 2008இல் புதிதாகக் கட்டி முடித்த டொர்னாடோ நீராவி எஞ்சினில் அந்த வேலை நடந்திருப்பதைக் காட்டுங்கள்.

செந்தூல் பேத்தி எழுதியது:

அண்ணன் சொன்னது எல்லாம் சரி, ஆனால் கொதிகலனைப் பார்க்க ஆள் வேண்டுமே! என் தாத்தா செந்தூல் ரயில் பட்டறையில் கொதிகலன் வேலை செய்தவர். உள்ளே நெருப்புப் பெட்டிக்கும் வெளிச் சுவருக்கும் நடுவில் நூற்றுக்கணக்கில் இரும்புக் கம்பிகள் முறுக்கியிருக்கும். ஒவ்வொன்றையும் சின்னச் சுத்தியலால் தட்டி, சத்தத்தை வைத்தே எது உடைந்தது என்று சொல்வார்களாம். நெருப்புப் பெட்டியின் கூரையில் ஈயம் அடைத்த ஒரு திருகாணி உண்டு. தண்ணீர் அந்த மட்டத்துக்குக் கீழே போனால் ஈயம் உருகி நீராவி நெருப்பின் மேலேயே பாயும், அதுதான் கடைசி எச்சரிக்கை. எஞ்சின் சும்மா நின்றாலும் குறித்த காலத்தில் எல்லா அடைப்பையும் கழற்றி உள்ளே படிந்த உப்பைக் கழுவி எடுக்க வேண்டும். இங்கே 1970களின் தொடக்கத்தோடு நீராவி முடிந்துபோனது. அந்தக் கைகள் இப்போது எங்கே?

அதற்காக மனம் விட வேண்டாம். திருச்சி பொன்மலைப் பட்டறையில் நீலகிரி மலை ரயிலுக்கு எண்ணெயில் எரியும் நீராவி எஞ்சின்களைப் புதிதாகவே கட்டியிருக்கிறார்கள், அதுவும் 2011க்குப் பிறகு. நீலகிரியும் நம் பாதை போல ஒரு மீட்டர் அகலம்தான், நம் ஆட்கள் நாலு பேரை அங்கே அனுப்பி ஒரு வருடம் பழகச் சொல்லலாம். அப்புறம் இன்னொன்று, உங்கள் ஊரைச் சுற்றி செம்பனை ஆலைகள் இருக்கின்றனவே, அங்கே செம்பனைப் பழத்தின் நார், கொட்டை ஓடு இரண்டையும் எரித்து இரவும் பகலும் கொதிகலன் ஓடுகிறது. அரசாங்கச் சான்றிதழ் வைத்திருக்கும் கொதிகலன் ஆட்களில் எத்தனை பேர் நம் பிள்ளைகள்! மனுவில் முதல் பத்தியே அதுவாக இருக்கட்டும்.

கிழக்குக்கரை எழுதியது:

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஆசை புரிகிறது, ஆனால் முக்கியப் பாதையில் ஒரு நீராவி எஞ்சின் நின்றுவிட்டால் பின்னால் வருகிற அத்தனை ரயிலும் நிற்கும். மேலே சொன்ன அதே டொர்னாடோ 2018 ஏப்ரலில் லண்டனில் இருந்து வடக்கே போகும் வழியில் வால்வு இயக்கும் பாகம் உடைந்து நின்றுபோனது. தைப்பிங் போக வேண்டும் என்றால் பாடாங் ரெங்காஸைத் தாண்டி பெராப்பிட் சுரங்கம், 3.3 கிலோமீட்டர். அதற்குள் எஞ்சின் அறையில் நிற்பவர்கள் எதைச் சுவாசிப்பார்கள்? வெயில் காலத்தில் ஒரு பொறி லாலான் புல்லில் விழுந்தால் தோட்டத்துக்காரர்களுக்கு என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும், பிரிட்டனில் கோடையில் இதற்காகவே நீராவியை நிறுத்திவிட்டு டீசலைப் பூட்டுகிறார்கள்.

எங்கள் கிழக்குக்கரைப் பாதை கெமாஸ் முதல் தும்பாட் வரை ஒற்றைப் பாதை, மின்கம்பி கிடையாது, ரயில்களும் குறைவு. அங்கே விடுங்கள். ஜப்பான்காரன் காலத்தில் அந்தத் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போய்த்தான் சயாம் மரண ரயில் போட்டான், நம் சனம் ஆயிரக்கணக்கில் செத்தது அங்கேதான். நினைவு ரயில் என்று ஒன்று ஓடினால் அந்தப் பாதைக்கும் உரிமை உண்டு.

சிப்புட்காரன் எழுதியது:

சுரங்கத்தை நாங்கள் யோசிக்கவே இல்லை, நன்றி அண்ணே. அப்படியானால் ஈப்போவில் இருந்து கோலகங்சார் வரை என்று சுருக்கிக்கொள்கிறோம், சுங்கை சிப்புட் நடுவில்தான் வருகிறது. பொறிக்கு, கரி வேண்டாம், எண்ணெய் எரிக்கும் எஞ்சின் என்றே கேட்கிறோம். அக்கா சொன்ன ஆலை விஷயத்தை எங்கள் கூட்டத்தில் சொன்னதும் இரண்டு பேர் தாங்களே வருவதாகச் சொல்லிவிட்டார்கள். ஒரு சந்தேகம், கோலகங்சாரில் எஞ்சினை எப்படித் திருப்புவது?

பத்துகாஜா தண்டவாளம் எழுதியது:

திருப்பவே வேண்டாம். தாய்லாந்தைப் பாருங்கள், அவர்களுக்கும் நம்மைப் போலவே ஒரு மீட்டர் பாதை. அக்டோபர் 23, டிசம்பர் 5 போன்ற நாட்களில் பாங்காக்கில் இருந்து அயுத்தயாவுக்கு ஜப்பானில் கட்டிய 824, 850 எண் எஞ்சின்களை முதுகோடு முதுகு பூட்டி ஓட்டுகிறார்கள். திரும்பும்போது மற்றது முன்னால் வரும். உங்களுக்கு ஒரே எஞ்சின்தான் கிடைத்தால், ரயிலின் மறுமுனையில் ஒரு டீசலைப் பூட்டிவிடுங்கள். வரும்போது அது இழுக்கும், வழியில் நின்றுபோனாலும் அதுவே தள்ளிக்கொண்டு போய்ப் பாதையைக் காலி செய்துவிடும், கிழக்குக்கரை நண்பரின் முதல் கவலைக்கும் அதில் பாதி பதில் இருக்கிறது. மனுவை எழுதியதும் இங்கே போடுங்கள், சிக்னல் பகுதியை நான் பார்த்துத் திருத்தித் தருகிறேன்.