எம்ஐடியா திருநெல்வேலியா, சாய்ஸ் லிஸ்ட்ல எதை மேல போட? சென்னை செலவு தாங்குமா?

தென்காசிக்காரி:
எல்லாருக்கும் வணக்கம். தம்பி பிளஸ் டூ முடிச்சிருக்கான், டிஎன்இஏ (இன்ஜினியரிங் கவுன்சிலிங்) ரேங்க் லிஸ்ட் வந்தாச்சு, கட்ஆஃப் 184, பிசி. இந்த வாரம் சாய்ஸ் ஃபில்லிங் ஓப்பன் ஆகுது. அவனுக்கு சென்னை குரோம்பேட்டைல இருக்கிற எம்ஐடி (மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி, அண்ணா யூனிவர்சிட்டி கேம்பஸ்) தான் வேணுமாம், கலாம் படிச்ச காலேஜ்னு சின்ன வயசுல இருந்தே ஒரு இது, ப்ரொடக்ஷன் இன்ஜினியரிங் கெடச்சாலும் பரவால்லங்கான். அப்பா திருநெல்வேலி கவர்ன்மென்ட் இன்ஜினியரிங் காலேஜ மேல போடுன்னு நிக்காங்க. "சென்னைக்கு அனுப்பினா ஃபீஸ விடு, சோத்துக்கே வட்டிக்கு வாங்கணும்"னு சொல்லுதாங்க.

வீட்டு நிலவரம்: அப்பா டெய்லர், சொந்தக் கடை கிடையாது. அம்மா பீடி சுத்துதாங்க. நான் பிகாம் முடிச்சிட்டு இங்க ஒரு ஆடிட்டர் ஆபிஸ்ல இருக்கேன், சம்பளம் சொல்ற மாதிரி இல்ல. தம்பி ஆறுல இருந்து பன்னெண்டு வரைக்கும் எய்டட் ஸ்கூல், தமிழ் மீடியம்.

இதுக்கு நடுவுல தெரு அண்ணாச்சி ஒருத்தர் ஒரு பிரைவேட் காலேஜ்ல சிஎஸ்இ இருக்கு, ஃபர்ஸ்ட் கிராஜுவேட் சர்டிபிகேட் வச்சா பாதி ஃபீஸ் கழிஞ்சிரும்னு டெய்லி வீட்டுக்கு வந்து உக்காந்துக்கிடுதாரு. 7.5 சதவீத இட ஒதுக்கீட்டுல வந்தா ஃபீஸே இல்லன்னு இன்னொருத்தர். எது உண்மை எது சும்மான்னு தெரியல. ஹாஸ்டல்ல இருந்து படிக்கிறவங்க உண்மையான செலவு சொல்லுங்க ப்ளீஸ்.

மெஸ்_ரிடக்ஷன்:
எம்ஐடி தேர்ட் இயர்க்கா, ஹாஸ்டல் தான். ஃபீஸப் பத்தி ரொம்ப யோசிக்காதீங்க, அண்ணா யூனிவர்சிட்டி டிபார்ட்மென்ட்னா பிரைவேட்ட விட கம்மியா தான் வரும். எங்க இடிக்கும்னா சேர்ற அந்த ஒரு மாசம் தான். காலேஜ் ஃபீஸ் ஒரு பக்கம், ஹாஸ்டல் டெபாசிட் ஒரு பக்கம், மெஸ் அட்வான்ஸ் ஒரு பக்கம், பெட், பக்கெட், மேல லாக் போட ஒரு பெட்டி, எல்லாம் ஒரே நேரத்துல கேப்பாங்க, ஸ்காலர்ஷிப் எதுவும் அந்த நேரத்துல வராது, வந்தா செமஸ்டர் பாதி தாண்டி தான் வரும், சில பசங்களுக்கு அடுத்த வருஷம் வந்த கதை எல்லாம் இருக்கு. அதனால மொத்தம் நாலு வருஷத்துக்கு எவ்ளோன்னு கணக்கு போடாம, முதல் மாசம் கையில எவ்ளோ இருக்கணும்னு கணக்கு போடுங்க. அதைத் தாண்டிட்டா அப்புறம் ஓடிரும்.

மெஸ் வந்து டிவைடிங் சிஸ்டம். மாசத்துக்கு மளிகை, காய், பால், கேஸ் எல்லாம் ஆன செலவ மொத்தம் போட்டு சாப்ட நாளால வகுத்துடுவாங்க. லீவுக்கு ஊருக்குப் போறப்ப முன்கூட்டியே ரிடக்ஷன் எழுதி குடுத்தா அந்த நாளைக்கு காசு விழாது, எழுதாம போனா சாப்பிடாத சோத்துக்கும் பில் வரும். ஃபர்ஸ்ட் இயர் பசங்க முக்காவாசி பேர் இத மறந்துட்டு தீபாவளிக்கு ஓடிடுவானுங்க. முட்டை, சிக்கன் எல்லாம் எக்ஸ்ட்ரா கணக்குல ஏறும், அதுல கை வைக்காம இருந்தா பில் நல்லா குறையும். எனக்கு மாசம் மூவாயிரத்துக்கும் நாலாயிரத்துக்கும் நடுவுல ஆடுது. வெளிய குரோம்பேட்டைல பிஜி எடுத்தீங்கன்னா இதுல டபுள்.

ஃபர்ஸ்ட் இயருக்கு டிராஃப்டர் (இன்ஜினியரிங் டிராயிங்ல கோடு போடுற கருவி), டிராயிங் ஷீட் ட்யூப், ஒர்க்ஷாப்புக்கு காக்கி டிரஸ், ஷூ, சயின்டிஃபிக் கால்குலேட்டர் வேணும். டிராஃப்டர் புதுசு வாங்காதீங்க. செகண்ட் இயர் பசங்க ரூம்ல கட்டிலுக்கு அடியில கிடக்கும், ஒரு டீக்கு குடுத்துடுவாங்க. ஆனா வாங்குறதுக்கு முன்னாடி கிளாம்ப் ஸ்க்ரூ டைட்டா நிக்குதா, ரெண்டு ஸ்கேலும் ஆடாம இருக்கான்னு பாருங்க, லூஸா இருந்தா கோடு சாய்ஞ்சிட்டே போகும், ஷீட் ஷீட்டா திரும்பப் போடணும்.

ஊர்ப்பக்கம் வர்றதுக்கு உங்களுக்கு பொதிகை எக்ஸ்பிரஸ் இருக்கே, தாம்பரத்துல இறங்கி லோக்கல் புடிச்சா சானடோரியம், அடுத்து குரோம்பேட்டை, அவ்ளோ தான். பண்டிகை டைம் மட்டும் 60 நாள் முன்னாடியே காலைல 8 மணிக்கு உக்காந்துடணும், இல்லன்னா ஆம்னி பஸ்ல ஒரு மாச மெஸ் பில் போயிடும்.

ஓய்வு_வாத்தியார்:
அம்மா, நான் எய்டட் ஸ்கூல்ல பிளஸ் டூவுக்கு எடுத்து ரிட்டயர் ஆனவன், வருஷா வருஷம் பிள்ளைகளுக்கு இந்த ஃபார்ம் எல்லாம் போட்டுக் குடுத்திருக்கேன், அதனால ஒவ்வொண்ணா சொல்றேன்.

7.5 உங்க தம்பிக்கு வராது. அது ஆறாம் வகுப்புல இருந்து அரசுப் பள்ளியில படிச்சவங்களுக்கு. 2020ல மெடிக்கலுக்கு கொண்டு வந்தாங்க, 2021ல இன்ஜினியரிங்குக்கும் வந்துச்சு, அதுல வந்தா ஃபீஸ் ஹாஸ்டல் எல்லாம் அரசே பாத்துக்கும். எய்டட் அதுல சேராது. எய்டட் பிள்ளைகளுக்கு இது ஒரு மனக்குறை தான், அதே வறுமை, அதே தெரு, ஸ்கூல் போர்டு மட்டும் வேற. ஆனா தமிழ்ப் புதல்வன் உதவித்தொகை கிடைக்கும். 2024 ஆகஸ்ட்ல கோயம்புத்தூர்ல ஆரம்பிச்சது, எய்டட்ல தமிழ் மீடியம் ஆறுல இருந்து பன்னெண்டு வரை படிச்ச பையனுக்கும் மாசம் 1000 ரூபா அக்கவுண்ட்ல ஏறும். காலேஜ்ல சேர்ந்த பிறகு காலேஜ் மூலமா தான் பதியணும், பேங்க் அக்கவுண்ட்ல ஆதார் இணைச்சிருக்கணும், இத மட்டும் இப்பவே முடிச்சிருங்க.

ஃபர்ஸ்ட் கிராஜுவேட் விஷயத்துல அண்ணாச்சி சொல்றத நம்பாதீங்க. நீங்க பிகாம் முடிச்சாச்சுன்னு சொல்றீங்க. தாத்தா பாட்டி, அப்பா அம்மா, கூடப்பொறந்தவங்கன்னு குடும்பத்துல யாரும் பட்டதாரியா இருக்கக் கூடாதுங்கறது தான் விதி.

அப்புறம் முக்கியமான ஒண்ணு, யாரும் சொல்ல மாட்டாங்க. அம்மாகிட்ட பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருக்கா? இருந்தா மத்திய தொழிலாளர் துறையில அவங்க பிள்ளைகளுக்கு ஸ்காலர்ஷிப் இருக்கு, இன்ஜினியரிங் மாதிரி தொழிற்படிப்புக்கு வருஷம் 25,000. நேஷனல் ஸ்காலர்ஷிப் போர்டல்ல போடணும். நம்ம தென்காசி, திருநெல்வேலிப் பக்கம் இவ்வளவு பீடி சுத்துற வீடு இருந்தும், பத்தாம் கிளாஸ் வரைக்கும் ஆயிரம் ரெண்டாயிரத்துக்கு போடுறவங்க, பிள்ளை காலேஜ் போனதும் நிப்பாட்டிடுறாங்க.

ராஜா_நெல்லை:
வாத்தியார் ஐயா, எங்க சொந்தக்காரங்க வீட்ல அக்கா டிகிரி, ஆனா அக்கா அந்த சலுகைய வாங்கவே இல்ல, தம்பிக்கு வாங்கிட்டாங்களே. யூஸ் பண்ணலன்னா அடுத்த ஆளுக்கு மாத்திக்கலாம்னு தான் கேள்விப்பட்டேன்.

ஓய்வு_வாத்தியார்:
தம்பி, அக்கா அப்ப டிகிரி முடிக்காம இருந்திருக்கலாம். இங்க இவங்க முடிச்சாச்சு. சலுகை வாங்கினாங்களா இல்லையாங்கறது கேள்வி இல்ல, வீட்ல பட்டதாரி உண்டா இல்லையாங்கறது தான். இ-சேவைல போடும்போது கூட்டு உறுதிமொழின்னு அப்பா கையெழுத்து போடணும், அதுல பொய் எழுதி ஒருநாள் மாட்டினா பையனோட சீட்டுக்கே பிரச்சனை. ஒரு ஃபீஸ் சலுகைக்காக அது தேவையா.

கணக்குப்புள்ள:
அந்த அண்ணாச்சி கதைக்கு வரேன். பிரைவேட் காலேஜ்ல கவுன்சிலிங்ல சேர்ந்தா வருஷத்துக்கு 50 ஆயிரம், அக்ரிடேஷன் (தர அங்கீகாரம்) உள்ள கோர்ஸுக்கு 55 ஆயிரம்னு 2017ல கமிட்டி நிர்ணயிச்சுது. கேக்க நல்லா தான் இருக்கும். நான் படிச்சது அப்படி ஒரு காலேஜ், பேரு வேண்டாம். 55 ஆயிரத்துக்கு ரசீது குடுத்தாங்க, மீதி ட்ரெய்னிங் ஃபீ, புக் ஃபீ, பஸ் ஃபீ, அசோசியேஷன் ஃபீன்னு வேற வேற கலர் ரசீதுல வந்துச்சு, பஸ்ல ஏறலன்னாலும் பஸ் ஃபீ. எங்கப்பா எல்லாத்தையும் ஒரு பைல்ல வச்சிருக்காரு, இன்னிக்கும் எடுத்துக் காட்டுவாரு. சேர்ந்தே ஆகணும்னா ஆபிஸ்ல "மொத்தம் முதல் வருஷம் எவ்ளோ, எழுதிக் குடுங்க"ன்னு கேளுங்க, எழுதித் தர யோசிச்சா கிளம்பி வந்துருங்க. டெய்லி ஒருத்தர் வீட்டுக்கு வந்து உக்காருறாருன்னா அவருக்கு அதுல ஏதோ இருக்குன்னு அர்த்தம் க்கா.

கவர்மென்ட்_காலேஜ்_பாய்:
எல்லாரும் எம்ஐடி எம்ஐடின்னு போறீங்க, திருநெல்வேலி பத்தி பேச ஆள் இல்லையா. நான் அங்க தான் ஈசிஇ முடிச்சேன். 1981ல ஆரம்பிச்ச காலேஜ், அரசுக் கல்லூரி ட்யூஷன் ஃபீஸ் எல்லாம் ஒரு செல்ஃபோன் வாங்குற காசு கூட ஆகாது. உங்க அப்பா சொல்றது தப்பே இல்ல, சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறினா ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்ல இருக்கலாம், துணி துவைக்க ஊருக்கு கொண்டு வந்துடுவான், உடம்புக்கு முடியலன்னா அப்பா உடனே போய் நிக்கலாம். ஆனா தென்காசில இருந்து டெய்லி அப் அண்ட் டவுன்னு மட்டும் பிளான் போடாதீங்க, அம்பது கிலோமீட்டருக்கு மேல, ரெண்டு மாசத்துல பையன் க்ளாஸ்ல தூங்குவான்.

ஒண்ணு ஒத்துக்கறேன், கம்பெனி வர்றதுல அண்ணா யூனிவர்சிட்டி கேம்பஸ் வேற லெவல், எங்களுக்கு வராத கம்பெனி எல்லாம் அங்க வரும். ஆனா தம்பிகிட்ட கேளுங்க, அவனுக்கு ப்ரொடக்ஷன் புடிக்குமா இல்ல கேட்ல போட்டோ எடுக்கத் தான் புடிக்குமா. மெஷின், லேத், மேனுஃபேக்சரிங்னு இறங்குறவன்னா ஓகே. எலக்ட்ரானிக்ஸ் தான் ஆசைன்னா காலேஜ் பேருக்காக நாலு வருஷம் வேற ஒண்ண படிக்க வைக்காதீங்க.

மெஸ்_ரிடக்ஷன்:
அண்ணே போட்டோ மேட்டர் கொஞ்சம் ஓவர். ஆனா பாயின்ட் கரெக்ட், எங்க ப்ரொடக்ஷன்ல பாதி பேர் ஃபர்ஸ்ட் இயர்ல இருந்தே கோடிங் தான் படிக்கிறான், ஒர்க்ஷாப் பக்கம் போறவன் கம்மி.

வங்கி_கவுண்டர்:
நான் பேங்க்ல இருக்கேன் சகோ. கல்விக் கடன் 4 லட்சம் வரைக்கும் ஜாமீன், சொத்து எதுவும் கேக்கக் கூடாது, அப்பாவோ அம்மாவோ கூட கையெழுத்து போட்டா போதும். ஹாஸ்டல், மெஸ் கூட அதுல சேரும், ஃபீஸ் மட்டும்னு நினைச்சு கம்மியா கேட்டுட்டு அப்புறம் வந்து நிக்கிறவங்க நிறைய. வித்யாலட்சுமி போர்டல்ல போடுங்க, வெறுமனே பிரான்ச்ல வாய்ல கேட்டா "அடுத்த வாரம் வாங்க"ன்னு தான் பதில் வரும், போர்டல்ல போட்டா அது ரெக்கார்ட்ல இருக்கும். குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள்ளன்னா படிக்கிற காலமும் அதுக்கப்புறம் ஒரு வருஷமும் வட்டிய மத்திய அரசு கட்டுற ஸ்கீம் இருக்கு, அதுக்கு வருமானச் சான்றிதழ் வேணும், மறக்காம கேட்டு வாங்குங்க, நாங்களா சொல்ல மாட்டோம் (உண்மைய சொல்றேன்).

மேல தம்பி சொன்ன முதல் மாச விஷயத்துக்கு கடன நம்பாதீங்க. அட்மிஷன் ஆகி, போனஃபைடும் (அங்க படிக்கிறான்னு காலேஜ் குடுக்கிற சான்று) ஃபீஸ் ஸ்ட்ரக்சரும் வாங்கிட்டு வந்தா தான் நாங்க ஃபைலே தொறப்போம். அந்த காச நீங்க தான் புரட்டணும், நகையோ சீட்டோ.

தென்காசிக்காரி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. வாத்தியார் சார், அம்மாகிட்ட அட்டை இருக்கு, ஆனா அட்டைல பேரு ஒரு மாதிரி, ஆதார்ல வேற மாதிரி இருக்கு. இன்னிஷியலும் வேற. அப்புறம் சாய்ஸ் லிஸ்ட்ல எம்ஐடி மேல போட்டு அது கிடைக்கலன்னா திருநெல்வேலியும் கை நழுவிருமோன்னு அப்பா பயப்படுதாங்க. பேசாம திருநெல்வேலிய முதல்ல போட்டா சேஃப் தானே?

மெஸ்_ரிடக்ஷன்:
அய்யோ அக்கா அப்படி போட்டுறாதீங்க. சாஃப்ட்வேர் உங்க லிஸ்ட மேல இருந்து கீழ பாக்கும், உங்க ரேங்க்குக்கு முதல்ல எது காலியா இருக்கோ அத குடுக்கும். எம்ஐடி கிடைக்கலன்னா அடுத்த லைனுக்கு தான் போகும், மேல போட்டதால கீழ இருக்கிறது கை நழுவாது. திருநெல்வேலி மேல இருந்து அது கிடைச்சிருச்சுன்னா தான் எம்ஐடிய பாக்கவே பாக்காது. அதனால பையனுக்கு எது ஆசையோ அந்த ஆர்டர்ல போடுங்க, பயந்து மாத்தாதீங்க. எம்ஐடி கோட் 4, திருநெல்வேலி கவர்ன்மென்ட் காலேஜ் 4974. திருநெல்வேலில அண்ணா யூனிவர்சிட்டி ரீஜினல் கேம்பஸ்னு வேற ஒண்ணு இருக்கு, அது 4020, ரெண்டையும் கன்ஃப்யூஸ் பண்ணி போட்டவங்க இருக்காங்க.

டென்டேட்டிவ் அலாட்மென்ட் (தற்காலிக ஒதுக்கீடு) வந்ததும் கன்ஃபர்ம் பண்ண டைம் ரொம்ப கம்மியா தான் குடுப்பாங்க, போன் கையிலயே வச்சிருங்க. கிடைச்சது ஓகே, ஆனா லிஸ்ட்ல அதுக்கு மேல இருக்கிறது காலியானா வேணும்னா "அக்செப்ட் அண்ட் அப்வர்ட்" குடுத்துட்டு ஃபெசிலிடேஷன் சென்டர்ல (கவுன்சிலிங் உதவி மையம்) பணம் கட்டி சர்டிபிகேட் காட்டணும். இதுலயும் பாருங்க, முன்னாடியே காசு தேவை.

ஓய்வு_வாத்தியார்:
பேர் மாற்றம் பெரிய விஷயம் இல்லம்மா, ஆனா போர்டல்ல போடுறதுக்கு முன்னாடி சரி பண்ணணும், பொருந்தலன்னா அங்கயே தட்டிக் கழிச்சிருவாங்க. ஆதார மாத்தாதீங்க, அதை மாத்தினா ரேஷன், பேங்க்னு எல்லாத்தையும் மாத்திக்கிட்டே போகணும். அட்டையத் தான் மாத்தணும். அம்மா எந்த கம்பெனிக்கு சுத்துறாங்களோ அங்க ஒரு சான்று வாங்கிட்டு, பீடித் தொழிலாளர் ஆஸ்பத்திரிக்கு அம்மாவையும் கூட்டிட்டு நேர்ல போங்க. காலைலயே போயிருங்க.

தென்காசிக்காரி:
சரி சார், திங்கக்கிழமை அம்மாவ கூட்டிட்டு போறேன். தம்பிகிட்ட பிராஞ்ச் பத்தி கேட்டேன், அப்பா வேலை பாக்குற கடைல தையல் மெஷின் ரிப்பேர் ஆனா கழட்டி மாட்டுறது அவன் தான், ப்ரொடக்ஷனே போதும்ங்கான். அப்பா இன்னும் சரின்னு சொல்லல, ஆனா மெஸ் பில் எப்படி வகுப்பாங்கன்னு என்கிட்ட ரெண்டு தடவ கேட்டுட்டாங்க. மெஸ்_ரிடக்ஷன் தம்பி, சீட் கிடைச்சா அந்த டிராஃப்டர் ஒண்ணு எடுத்து வைக்க முடியுமா?