பெரிய கடைகளின் கைக்கருவி பிராண்டுகள்: எது யாருடையது, எங்கே தயாராகிறது?

நட்டுபோல்ட்நந்தா:

அமெரிக்காவில் இருக்கும் நண்பர்களுக்கு ஒரு கேள்வி. கைக்கருவி ஒரு செட் சேர்க்க வேண்டும். பிரேக் பேட் மாற்றுவது, ஆயில் மாற்றுவது, வீட்டில் குழாய் வேலை, இவ்வளவுதான் தேவை. ஹோம் டிப்போவில் ஹஸ்கி, லோஸில் கோபால்ட், அதே லோஸில் கிராஃப்ட்ஸ்மேன், ஹார்பர் ஃப்ரைட்டில் பிட்ஸ்பர்க், குவின், ஐகான். எதற்கும் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று புரியவில்லை.

இன்னொரு குழப்பமும் உண்டு. ஒரு ராட்செட்டின் (நட்டைத் திருப்பும் பல் வைத்த கைப்பிடி) பெட்டியில் தைவான் என்று போட்டிருக்கிறது, ராட்செட்டின் மேல் எந்த நாடும் இல்லை. பக்கத்தில் தொங்கிய குறட்டில் மட்டும் "சைனா" என்று உலோகத்திலேயே அடித்திருக்கிறது. ஏன் இந்த வித்தியாசம்? இந்த அலமாரிகளில் அமெரிக்காவில் செய்தது என்று ஏதாவது மிச்சம் இருக்கிறதா? எதில் காசு போடலாம், எதில் வேண்டாம்?

சாவிக்கொத்து:

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். ஹஸ்கி, கோபால்ட் எல்லாம் கடைக்காரரின் சொந்தப் பெயர்கள். அந்தப் பெயரில் ஆலை கிடையாது. செய்து கொடுக்கும் ஒப்பந்தம் எடுப்பவர் மாறினால் ஆலையும் மாறும், பெயரும் நிறமும் அப்படியே இருக்கும்.

ஹஸ்கி 1924-இல் மில்வாக்கியில் தொடங்கிய ஒரு ரெஞ்ச் கம்பெனியின் பெயர். இன்று அது ஹோம் டிப்போவின் பிராண்ட். ராட்செட், அதில் மாட்டி நட்டின் மேல் பொருத்தும் சாக்கெட் வகைகள் பெரும்பாலும் தைவான், சீனா.

கோபால்ட்டை லோஸ் 1998-இல் கொண்டுவந்தபோது செய்து கொடுத்தது வில்லியம்ஸ், அதாவது ஸ்னாப்-ஆனின் கிளை. பிறகு டேனஹர், அதன் பிறகு ஜேஎஸ் புராடக்ட்ஸ். பழைய கோபால்ட் ராட்செட்டைப் பற்றி யாராவது புகழ்ந்து எழுதியிருந்தால் அது வில்லியம்ஸ் காலத்துச் சரக்கு. இன்று கொக்கியில் தொங்குவது வேறு.

கிராஃப்ட்ஸ்மேன் சியர்ஸின் பெயர், 1927 முதல். 2017-இல் சுமார் 900 மில்லியன் டாலருக்கு ஸ்டான்லி பிளாக் அண்ட் டெக்கர் வாங்கியது. அமெரிக்காவிலேயே செய்வோம் என்று 2019-இல் டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த்தில் 90 மில்லியன் டாலர் செலவில் தானியங்கி ஆலை அறிவித்தார்கள். இயந்திரங்கள் எதிர்பார்த்தபடி ஓடவில்லை. 2023 மார்ச்சில் அதை மூடுவதாகவும் அறிவித்துவிட்டார்கள். சியர்ஸ் காலத்துக் கிராஃப்ட்ஸ்மேன் ஸ்க்ரூடிரைவர், குறடு பலவற்றைச் செய்துவந்த கொலராடோ ஸ்பிரிங்ஸின் வெஸ்டர்ன் ஃபோர்ஜும் 2020-இல் மூடப்பட்டது.

ஹார்பர் ஃப்ரைட்டின் மூன்றும் அவர்களுடைய சொந்தப் பெயர்கள்தான். பிட்ஸ்பர்க்கில் சீனா, தைவான், இந்தியா மூன்றுமே வரும். ஐகான் மேல்தட்டு, பெரும்பகுதி தைவான். டிவால்ட், ஸ்டான்லி, இர்வின், லெனாக்ஸ் எல்லாம் ஸ்டான்லி பிளாக் அண்ட் டெக்கர் குடும்பம். கியர்ரெஞ்ச், கிரெசென்ட் இரண்டும் ஏபெக்ஸ் கம்பெனியுடையவை. மில்வாக்கி, பெயர் அப்படி இருந்தாலும், 2005 முதல் ஹாங்காங்கின் டிடிஐ கையில். ஆனால் விஸ்கான்சினின் வெஸ்ட் பெண்டில் எலெக்ட்ரீஷியன் குறடுகளுக்காக ஆலை போட்டிருக்கிறார்கள். அதில் வருவது அமெரிக்கச் சரக்கு, அவர்களின் மற்ற கைக்கருவிகளில் பெரும்பாலானவை இறக்குமதி.

இதே அலமாரிகளில் இன்னும் அமெரிக்காவில் செய்வது:

சேனல்லாக் குறடுகள், பென்சில்வேனியாவின் மீட்வில். குழாய் வேலைக்கு 420 என்ற ஒன்பதரை அங்குல மாடலை எடுக்கலாம். அதே கம்பெனியின் அட்ஜஸ்டபிள் ஸ்பேனர் ஸ்பெயினிலிருந்து வருகிறது, அதனால் நீலப் பிடியை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

கிளைன் வயர்மேன் குறடுகள், டெக்சாஸின் மான்ஸ்ஃபீல்ட். ஆனால் கிளைன் மீட்டர்கள் அந்தக் கணக்கில் வராது.

எஸ்ட்விங் சுத்தியல், இலினாயின் ராக்ஃபோர்ட். தலையும் கைப்பிடியும் ஒரே எஃகு.

பாண்டஸ் ஆலன் கீ (ஆறுமுனைக் குழி திருகுக்கான சாவி), மினசோட்டாவின் மான்டிசெல்லோ.

வைஸ்-கிரிப் என்ற பூட்டிப் பிடிக்கும் குறட்டை இந்தப் பட்டியலில் தேடாதீர்கள். அதைச் செய்துவந்த நெப்ராஸ்காவின் டிவிட் ஆலை 2008-லேயே மூடியாகிவிட்டது.

முத்திரைக்காரன்:

ராட்செட்டில் இல்லாத நாட்டுப் பெயர் குறட்டில் ஏன் இருக்கிறது என்ற கேள்விக்கு.

1930-ஆம் ஆண்டு சுங்கச் சட்டத்தின் 304-ஆம் பிரிவுப்படி இறக்குமதியாகும் எந்தப் பொருளிலும் அது செய்யப்பட்ட நாடு கடைசியாக வாங்குபவர் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். பொதுவாகப் பெட்டியிலோ அட்டையிலோ இருந்தாலே போதும். ஆனால் சுங்க விதிகளின் 134.43-ஆம் பிரிவு சில பொருட்களைப் பெயர் சொல்லித் தனியாக வைத்திருக்கிறது. கத்தி, கத்தரி, அறுவைக் கருவி, வெற்றிடக் குடுவை போன்றவற்றோடு குறடும் அதில் இருக்கிறது. இவற்றில் நாட்டின் பெயர் டை ஸ்டாம்பிங் (அச்சால் அடிப்பது), வார்ப்பு எழுத்து, எட்சிங் (அரித்துப் பதிப்பது), என்கிரேவிங் (செதுக்குவது), அல்லது உலோகத் தகடு மூலம் பொருளிலேயே இருக்க வேண்டும். ஸ்டிக்கர் செல்லாது. சாக்கெட்டும் ராட்செட்டும் அந்தப் பட்டியலில் இல்லை. அதனால்தான் பெட்டியைத் தூக்கிப்போட்ட பிறகு உங்கள் ராட்செட்டின் ஊர் தெரியாமல் போகிறது.

இதிலிருந்து ஒரு பயன்: கடையில் குறட்டைப் பார்க்கும்போது அட்டையை விட்டுவிட்டு மூட்டுக்குப் பக்கத்திலும் கைப்பிடி ரப்பர் தொடங்கும் இடத்திலும் பாருங்கள். சாக்கெட் செட் என்றால் பெட்டியின் அடிப்பக்கத்தைப் படியுங்கள். இணையதளத்தில் போட்டிருக்கும் நாட்டை நம்பி ஆர்டர் போட வேண்டாம். ஆலை மாறினால் கொக்கியில் தொங்கும் சரக்கு முதலில் மாறும், பக்கம் பிறகுதான் மாறும்.

உள்நாட்டுப் பொருளில் நாட்டுப் பெயர் போட வேண்டிய கட்டாயம் இல்லை. அதற்காக, பெயர் இல்லாததெல்லாம் உள்நாட்டுச் சரக்கு என்று எடுத்துக்கொள்ளவும் முடியாது.

அடுத்தது, "மேட் இன் யூஎஸ்ஏ" என்ற வாசகம். நிபந்தனை எதுவும் சேர்க்காமல் அப்படிப் போட்டால் எஃப்டிசி (அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம்) கணக்கில் ஏறக்குறைய முழுப் பொருளும் உள்நாட்டுடையதாக இருக்க வேண்டும்: கடைசி இணைப்பு இங்கே, முக்கியமான பதப்படுத்தல் எல்லாம் இங்கே, பாகங்களும் இங்கே. 2021 ஆகஸ்ட் முதல் இது அபராதத்தோடு கூடிய விதி. "வித் குளோபல் மெட்டீரியல்ஸ்" என்று வால் சேர்த்திருந்தால் வெளிநாட்டுப் பாகம் இருக்கிறது என்று அர்த்தம். எவ்வளவு என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. "டிசைன்ட் இன் யூஎஸ்ஏ" என்றால் படம் மட்டும்தான் இங்கே வரைந்தது.

வெளிநாட்டில் வடிவம் மட்டும் கொடுத்த பாகங்களை இங்கே கொண்டுவந்து ஹீட் ட்ரீட்மென்ட் செய்து குரோம் பூசினால் அமெரிக்கச் சரக்காகிவிடுமா? இதற்கு வழக்கே நடந்திருக்கிறது. 1992-இல் நேஷனல் ஹேண்ட் டூல் வழக்கு. தைவானில் வடிவம் பெற்ற சாக்கெட், கைப்பிடிப் பாகங்களை இங்கே சூடேற்றிக் கடினமாக்கி, மெருகேற்றிப் பூட்டினார்கள். பெயர், தன்மை, பயன் எதுவும் மாறவில்லை, ஆகவே தைவான் என்றே போட வேண்டும் என்று தீர்ப்பு. 1993-இல் மேல்முறையீட்டிலும் அது நின்றது.

கடைசியாக ஒன்று. அமெரிக்க ஊர்ப்பெயரையே வணிகப்பெயராக வைத்த இறக்குமதிப் பொருள் என்றால், உண்மையான நாட்டைப் பக்கத்திலோ கண்ணில் படும் வேறு இடத்திலோ தெளிவாகப் போட வேண்டும் என்று 134.47 சொல்கிறது. பிட்ஸ்பர்க்கும் அமெரிக்க ஊர்தான்; அந்தப் பெயரில் வரும் ஸ்பேனரை எடுத்தால் அட்டை முழுவதையும் திருப்பிப் பாருங்கள், சிரிப்பு வரும்.

கரிப்பட்டறை:

நாடு, சட்டம் எல்லாம் சரிதான். கையில எடுத்து என்ன பாக்கணும்னு யாரும் சொல்லல. பெட்டியில பூட்டாம தொங்குற சரக்குன்னா இதெல்லாம் கடையிலயே பாக்கலாம்.

குறடு: மூடி வெளிச்சத்துக்கு நேரா பிடிங்க. வெட்டும் விளிம்பு முழுநீளத்துக்கும் ஒட்டியிருக்கணும். நுனி ஒட்டி, வெட்டுற இடத்துல வெளிச்சம் தெரிஞ்சா மெல்லிசு செம்புக் கம்பிய அது வெட்டாது, மடக்கத்தான் செய்யும். அப்புறம் இரண்டு கைப்பிடியையும் பக்கவாட்டுல ஆட்டிப் பாருங்க. ரிவெட் ஆட்டம் கொடுத்தா வச்சிடுங்க, அது நாளாக நாளாக கூடத்தான் செய்யும்.

ராட்செட்: டிரைவை (சாக்கெட் மாட்டுற சதுர முனை) விரலால பிடிச்சு கைப்பிடிய மெதுவா பின்னால திருப்புங்க. லேசா க்ளிக்குன்னு வரணும். இறுக்கமா இருந்தா, நட்டு பாதி லூஸ் ஆன பிறகு ராட்செட் பின்னால போகும்போதே நட்டையும் கூட்டிக்கிட்டு போகும், கழட்டவே முடியாது. பல்லு எண்ணிக்கைய மட்டும் பாத்து மயங்க வேணாம். 72 பல்லுன்னா ஒரு பல்லு நகர 5 டிகிரி, 90 பல்லுன்னா 4 டிகிரி. பிரேக் வேலைக்கு 72 தாராளம். பல்லு கூடக்கூட ஒவ்வொரு பல்லும் சின்னதாகும், உள்ள பல்லைப் பிடிக்கிற கொக்கி (pawl) சரியா பிடிக்கலன்னா வழுக்கும்.

சாக்கெட்: திறப்பு பக்கத்துலேருந்து பாத்தா சுவர் சுத்திலும் ஒரே தடிமனா இருக்கணும். ஒருபக்கம் மெலிஞ்சிருந்தா அங்கதான் பிளக்கும். பிரேக் வேலைக்கு ஆறு முனை எடுங்க. பன்னிரண்டு முனை துருப்பிடிச்ச போல்ட் தலைய உருட்டிடும்.

ஸ்க்ரூடிரைவர்: தண்டை கண்ணாடி மேஜை மாதிரி தட்டையான இடத்துல உருட்டுங்க. நுனி குதிச்சா தண்டு வளைஞ்சிருக்கு.

அட்ஜஸ்டபிள் ஸ்பேனர்: பாதி திறந்து வச்சு நகரும் தாடைய ஆட்டுங்க. ரெண்டு தாடையும் இணையா நிக்காம விரிஞ்சா நட்டு முனை போச்சு.

நட்டுபோல்ட்நந்தா:

ரொம்ப நன்றி. 200-க்கு மேல் எண்ணிக்கை போட்ட மெக்கானிக் செட்டுகள் பக்கம் மனசு போகிறது. எடுக்கலாமா? வாழ்நாள் உத்தரவாதம் இருக்கிறதே, எது உடைந்தாலும் மாற்றிக்கொள்ளலாம் என்றுதானே அர்த்தம்?

சாவிக்கொத்து:

எண்ணிக்கையைப் பிரித்துப் பாருங்கள். பிட்டுகள், ஆலன் கீகள், பிட் அடாப்டர் எல்லாம் ஒவ்வொன்றும் ஒரு எண். அவற்றைக் கழித்துவிட்டு மிச்சம் இருக்கும் சாக்கெட்டையும் ஸ்பேனரையும் எண்ணுங்கள். பிறகு அளவுகளைப் பாருங்கள்: 8 முதல் 19 மி.மீ. வரை ஒன்றுகூட விடாமல் இருக்க வேண்டும். பல செட்டுகளில் ஸ்பேனர் வரிசையில் 16-ம் 18-ம் காணாமல் போயிருக்கும். காரில் அவை வேண்டியிருக்கும்போது கடை மூடியிருக்கும்.

உங்கள் தேவைக்கு: மூன்றே எட்டு (3/8) அங்குல டிரைவில் ஆறு முனை மெட்ரிக் சாக்கெட், உயரமும் குட்டையுமாக, அரை அங்குல டிரைவில் ஒரு பிரேக்கர் பார் (பல் இல்லாத நீளக் கைப்பிடி), 17, 19, 21 சாக்கெட் தனியாக, 8 முதல் 19 வரை ஸ்பேனர், ஒரு சேனல்லாக் 420 குறடு, ஒரு டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்கம் என்று அளந்து இறுக்கும் ரெஞ்ச்). இறுகிப்போன போல்ட்டை ராட்செட்டால் உடைக்காதீர்கள், பிரேக்கர் பார்தான். ராட்செட்டுக்குக் குழாய் மாட்டி நீட்டித் தொங்கினால் உள்ளே பல்லைப் பிடிக்கும் கொக்கி நொறுங்கும்.

உத்தரவாதம்: ஹஸ்கி, கோபால்ட் கைக்கருவி உடைந்தால் கடைக்கே கொண்டுபோனால் போதும், ரசீது வேண்டியதில்லை. ஆனால் கிடைப்பது இன்றைய சரக்கு. பழைய வில்லியம்ஸ் காலத்து ராட்செட்டைக் கொடுத்தால் இன்றைய கோபால்ட்தான் வரும், பழையது வராது. அப்படிப்பட்டதை மாற்றுவதைவிட உள்பாகம் கிடைத்தால் பழுது பார்ப்பதே லாபம். செட்டில் வந்த ஒரு சாக்கெட் தனியாக விற்பனையில் இல்லையென்றால் கவுன்டரில் இழுபறியாகும். அதனால் தனியாகவும் கிடைக்கும் வரிசையில் செட் எடுங்கள். டார்க் ரெஞ்ச், அளவு டேப் இரண்டுக்கும் நிபந்தனை பெரும்பாலும் தனி, பின்பக்கம் படித்துவிட்டு எடுங்கள்.

முத்திரைக்காரன்:

டார்க் ரெஞ்ச் பற்றி ஒரு வரி சேர்க்கிறேன். க்ளிக் வகையில் (வைத்த அளவு வந்ததும் க்ளிக் என்று சொல்வது) ±4 சதவீதம் என்று போட்டிருப்பது அளவுகோலின் 20 சதவீதத்துக்கு மேல்தான் பொருந்தும். 150 அடி-பவுண்டு ரெஞ்சை வைத்து 15-இல் பிரேக் காலிப்பரின் சின்ன ஸ்லைடு போல்ட்டை இறுக்கினால் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. வீல் நட்டுக்கு அரை அங்குலம், சின்ன போல்ட்டுக்கு மூன்றே எட்டு என்று இரண்டாகப் போக வேண்டியிருக்கும். வேலை முடிந்ததும் அளவைக் குறைந்தபட்சக் கோட்டுக்கு இறக்கி வையுங்கள், அதற்கும் கீழே போகாதீர்கள்.

கரிப்பட்டறை:

தைவான்னு போட்டிருந்தா முகம் சுளிக்க வேணாம் நந்தா. தைச்சுங் பக்கம் முழுக்க இதே தொழில்தான், சாக்கெட்டும் ராட்செட்டும் அங்கேருந்து நல்லாவே வருது. காசை எங்க போடணும்னா, குறட்டுல போடுங்க. வெட்டும் விளிம்பும் மூட்டும்தான் ஆலைக்கு ஆலை மாறுது. சாக்கெட்டுல மிச்சம் பிடிக்கலாம்.

இன்னொண்ணு, நட்டை அடிச்சு அடிச்சு திருப்புற இம்பாக்ட் கன் எடுத்தீங்கன்னா குரோம் சாக்கெட்டை அதுல மாட்டவே மாட்டாதீங்க. குரோம் வெனேடியத்தை ரொம்ப கடினமா வச்சிருப்பாங்க, அடி தாங்காது, பிளந்து சில்லு பறக்கும். அதுக்குன்னு தடிச்ச சுவரோட கறுப்பு இம்பாக்ட் சாக்கெட் தனியா வரும், பெரும்பாலும் குரோம் மாலிப்டினம். வீல் நட்டு அளவுகள் மட்டும் அதுல வாங்கினா போதும்.