மறு: டெனோலியத்துக்குத் தமிழ்: ‘தறியச்சு’ சரிவருமா?

ஐயா, வணக்கம்.

டெனோலியம் என்ற சிப்பியியல் சொல்லுக்கு, தறியில் பாவு நூல்களைப் பிரிக்கும் அச்சை வைத்துத் ‘தறியச்சு’ என்று சொல்லலாமா என்று கேட்டிருந்தீர்கள். எனக்கும் அது முதலில் பிடித்துத்தான் இருந்தது. வேலை அப்படியே பொருந்துகிறதே! ஸ்காலப் என்ற விசிறி வடிவச் சிப்பியின் வலது ஓட்டில், உச்சியின் பக்கவாட்டில் காதுபோல் நீளும் முன்காதுக்குக் கீழே ஒரு வெட்டு. அதன் கீழ்விளிம்பில் பொடிப்பொடியாக ஒரு வரிசைப் பற்கள், அதுதான் டெனோலியம். பாறையைப் பிடிக்கச் சிப்பி விடும் இழைகள் (பைசஸ்) அந்தப் பல்லிடுக்குகளில் பிரிந்து போகும், முறுக்கிக்கொள்ளாது. பாவு நூலுக்கு அச்சு செய்வதும் இதுதான்.

எழுத உட்கார்ந்தபோதுதான் இடித்தது. டைனோசர்கள் வாழ்ந்த ஜுராசிக், கிரெட்டேசியஸ் காலங்களைச் சேர்ந்த கேம்ப்டோனெக்டிஸ் என்ற ஸ்காலப் பேரினத்தைத் தமிழில் விவரித்துப் பார்த்தேன். ஓட்டின் மேல் குழிப்புள்ளிகள் கோத்த மெல்லிய கோடுகள், உச்சியிலிருந்து கிளம்பி ஓரம்பார்த்து வளையும். ஸ்காலப் ஓடு பெரும்பாலும் கால்சைட் என்ற எளிதில் கரையாத கனிமம் என்பதால் ஓடாகவே தங்குகிறது. அதே பாறையில் எளிதில் கரையும் அரகோனைட் ஓட்டுச் சிப்பிகள் கரைந்துபோய், ஓட்டின் உள்வடிவும் வெளிவடிவும் பாறையில் பதிந்த உள்ளச்சும் வெளியச்சும் மட்டும் மிஞ்சுவதுண்டு. அந்த ‘அச்சு’ இல்லாமல் தொல்லுயிர் எச்சம் பற்றி ஒரு பக்கம்கூட எழுத முடியாது. ‘வெளியச்சில் தறியச்சு தெளிவாக இல்லை’ என்று எழுதிவிட்டு நானே சிரித்தேன்.

‘சிறுசீப்பு’ என்று வைத்தால் டெனோலியத்தின் கிரேக்க மூலத்துக்கு நேர்தான். ஆனால் ஸ்காலப் குடும்பத்துக்குப் பெயர் தந்த பெக்டென் என்றாலும் லத்தீனில் சீப்பு. குடும்பத்துக்கே சீப்புச்சிப்பி என்று நீங்கள் வைத்தாயிற்று. எந்தச் சீப்பு என்று படிப்பவர் திணறுவார். ஸ்காலப் குடும்பத்தை அதன் சாயலுள்ள மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டும் அடையாளமே இந்தப் பல்வரிசைதான் என்பதால் இங்கே மயக்கம் கூடாது.

அதனால் என் பரிந்துரை: இழைச்சீப்பு. பைசஸுக்குப் ‘பற்றிழை’, அந்த வெட்டுக்குப் ‘பற்றிழை வெட்டு’ என்று வைத்துக்கொண்டால் வாக்கியம் தடுக்காமல் ஓடுகிறது:

‘வலது முன்காது பெரியது, பற்றிழை வெட்டு ஆழமானது, இழைச்சீப்பின் பற்கள் சிறியவை.’

காதைச் செவி ஆக்க வேண்டாம், காதே இருக்கட்டும். அரியலூர், திருச்சிப் பக்கத்துக் கிரெட்டேசியஸ் சிப்பிகளைத் தொல்லுயிரியலாளர் ஸ்டோலிச்கா 1871-லேயே ஆங்கிலத்தில் விவரித்து முடித்துவிட்டார். நாம் இன்னும் காதா செவியா என்று நின்றால் எப்படி?

அப்புறம், ஓர் இனத்துக்குப் பெயரிடும்போது அதற்கு ஆதாரமாகக் குறித்துவைக்கும் ஒற்றை எச்சமான ஹோலோடைப்புக்கு ‘மூலமாதிரி’ என்ற சொல் எனக்கு ஒப்பவில்லை. பெயர் தொங்குவது அந்த ஒரே ஓட்டின் மேல். அதைப் போய் ‘மாதிரி’ என்பதா? அதற்கு வேறு இழை தொடங்குகிறேன், இதில் முறுக்கிக்கொள்ள வேண்டாம்.