கிறிஸ்துமஸ் விருந்துக்கு வராத லைன்மேன்: யூகான் குளிர்கால அனுபவங்கள்

வைட்ஹார்ஸ் வாசி:

கனடாவின் வடமேற்கு மூலையில் இருக்கும் யூகானுக்கு வேலைக்கு வந்து எனக்கு இது ஆறாவது குளிர்காலம். போன ஜனவரியில் வைட்ஹார்ஸிலிருந்து டாஸனுக்குத் தனியாகக் காரில் போனேன், கிட்டத்தட்ட 530 கிலோமீட்டர். கிளம்பும்போது மைனஸ் 31, கார்மாக்ஸில் பெட்ரோல் போடும்போது மைனஸ் 38. மின்டோ பக்கம் ஆற்றைப் பார்க்கலாம் என்று வண்டியை ஓரங்கட்டி, இன்ஜினை அணைக்காமல் இறங்கினேன் (அணைத்தால் திரும்பக் கிளம்பும் என்று யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள்). மூச்சை இழுத்ததும் மூக்குக்குள் இருக்கும் முடியெல்லாம் உறைந்து ஒட்டிக்கொண்டது. போட்டோ எடுக்கக் கையுறையைக் கழற்றினேன், இரண்டாவது படத்துக்குள் போன் செத்துவிட்டது. காலடியில் பனி கறுக் கறுக் என்றது, ஆரோரூட் மாவை விரலால் நெரித்தால் வருமே, அந்தச் சத்தம்.

அந்த இடத்தில் நிற்க ஒரு காரணம் இருந்தது. கூட வேலை செய்யும் பெரியவர் ஒருவர் சொல்லியிருந்தார், 1899 கிறிஸ்துமஸ் அன்று மூன்று பேரைச் சுட்டுக் கொன்றது இந்தப் பக்கத்தில்தான் என்று. அப்புறம் தேடித் தேடிப் படித்தேன்.

அப்போது இங்கே ரோடு கிடையாது. தங்க வேட்டைக்கு வந்தவர்களுக்குக் குளிர்காலத்தில் உறைந்த யூகான் ஆறுதான் பாதை. வழியில் ஆங்காங்கே சாப்பிட்டுப் படுக்க ரோட்ஹவுஸ், நடுநடுவே வடமேற்குக் குதிரைப் போலீஸின் காவல் குடிசைகள். பேர்தான் குதிரைப் போலீஸ், குளிர்காலத்தில் இழுத்ததென்னவோ நாய்கள்தான். அந்த வருஷம்தான் டாஸனுக்குத் தந்திக் கம்பி வந்திருந்தது. கம்பி அறுந்தால் போய்ப் பார்க்கிற லைன்மேன் ஓல்சன். அவரும், ஸ்காக்வேயில் கடை வைத்திருந்த கிளேசனும், ரெல்ஃப் என்ற இளைஞரும் கிறிஸ்துமஸ் காலையில் மின்டோ ரோட்ஹவுஸிலிருந்து தெற்கே கிளம்பினார்கள். ஹூச்சிக்கூ காவல் குடிசையில் இருந்த கார்ப்பரல் ரயன், ஓல்சனை அன்று விருந்துக்குக் கூப்பிட்டிருந்தார்.

ஓல்சன் வரவில்லை. எங்காவது கம்பி அறுந்திருக்கும், சரிசெய்யப் போயிருப்பார் என்று முதலில் நினைத்திருக்கிறார்கள். அந்த ஊரில் அது நியாயமான சமாதானம். ஆனால் நாள் போகப் போக ஆள் எங்கும் தலைகாட்டவில்லை. ரயன் தேட ஆரம்பித்தார்.

விசாரணையின் பெரும்பாரம் விழுந்தது கான்ஸ்டபிள் பென்னிகுவிக் என்பவர் தலையில். சடலம் இல்லை, சாட்சி இல்லை, கொலை நடந்ததா என்பதே தெரியாது. கையில் இருந்த சந்தேகம் ஓப்ரையன் என்ற ஒருவன்மேல் மட்டும். டாஸன் சிறையிலிருந்து சில மாதம் முன்புதான் வெளியே வந்தவன், ஜனவரியில் டாகிஷ் காவல் நிலையத்தில் பிடிபட்டிருந்தான். அவனோடு சுற்றிய கிரேவ்ஸ் என்பவன் கடைசிவரை அகப்படவில்லை. கிளேசன் குடும்பம் அனுப்பிய மக்வையர் என்ற தனியார் துப்பறிவாளர் பென்னிகுவிக்கோடு சேர்ந்துகொண்டார்.

இதற்குப் பிறகு வருவதுதான் எனக்குப் பிடித்த பகுதி. ஆற்றங்கரை மேட்டில் காட்டுக்குள் ஒரு கூடாரம் போட்ட இடம் இருந்தது. ஓப்ரையனுடைய பெரிய மஞ்சள் நாயை அவிழ்த்துவிட்டதும் அது நேரே அங்கே ஓடியது என்று சொல்வார்கள். அங்கிருந்து ஆற்றுப் பாதை தெளிவாகத் தெரியும்படி மரங்களை வெட்டியிருந்தார்கள். வெட்டு வாயில் பதிந்த கீறல்கள் ஓப்ரையனின் கோடாலி முனையில் இருந்த பழுதோடு பொருந்தின. அப்புறம் இருவரும் வாரக்கணக்கில் பனியைப் பெருக்கினார்கள். ஆமாம், பெருக்கினார்கள்! மேலே விழுந்த புதுப் பனியை மெதுவாக ஒதுக்கி, அடுக்கடுக்காகக் கீழே போய், கிறிஸ்துமஸ் அன்று இருந்த தரையை எட்டினார்கள். உறைந்த ரத்தம், தோட்டா உறைகள், எரித்த துணியின் மிச்சம், உடைந்த பல் துண்டு, ஒரு சாவி.

இங்கே குளிர்காலம் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். நடு யூகான் பனி ஈரமில்லாதது, கையில் பிடித்தால் உருண்டைகூடப் பிடிக்க வராது, பொடி மாதிரி உதிரும். நவம்பரில் விழுந்தது ஏப்ரல் வரை உருகாமல் அப்படியே கிடக்கும், அதன்மேல் அடுத்தது. பழைய கணக்குப் பேரேட்டைப் பின்னாலிருந்து புரட்டுகிற மாதிரி. கொன்றவன் பனி மூடிவிடும் என்று நம்பினான். மூடத்தான் செய்தது, ஆனால் பத்திரமாக!

மழைக்காலம்:

அண்ணா, சடலம் கிடைக்காமல் எப்படித் தூக்குத் தண்டனை வரை போனது?

வைட்ஹார்ஸ் வாசி:

கிடைத்தது தம்பி. பனிக்கட்டியில் ஓட்டை போட்டு ஆற்றுக்குள் தள்ளியிருந்தார்கள். 1900 வசந்தத்தில் மேலே உறைந்திருந்த பனிக்கட்டி உடைந்து ஆறு ஓட ஆரம்பித்ததும் உடல்கள் ஒவ்வொன்றாகக் கரை ஒதுங்கின. பனியில் பொறுக்கிய பல் துண்டு ஒரு சடலத்தின் தாடையில் பொருந்தியது, சாவி கிளேசன் கடைப் பெட்டகத்துக்குப் பொருந்தியது. 1901 ஜூனில் டாஸனில் வழக்கு நடந்து, ஆகஸ்ட் 23 அன்று ஓப்ரையனைத் தூக்கில் போட்டார்கள். உடல்கள் வெளியே வருவதற்கு மாதக்கணக்கில் முன்பே அந்த கான்ஸ்டபிள் முக்கால்வாசி வழக்கைக் கட்டிவிட்டார் என்பதுதான் விஷயம்.

இனுவிக் நர்ஸ்:

நான் இருந்தது இன்னும் வடக்கே, ஆர்க்டிக் வட்டத்துக்கும் மேலே. இனுவிக்கிலிருந்து அக்லாவிக்குக்குக் குளிர்காலத்தில் உறைந்த ஆற்றின் மேலேயே வண்டி ஓட்டிப் போக வேண்டும். முதல் தடவை டயருக்கு அடியில் கறுப்பாகத் தெரிந்த பனிக்கட்டியைப் பார்த்துவிட்டு வழி முழுக்க நான் வாயே திறக்கவில்லை.

அக்லாவிக்கில் ஒரு கல்லறை உண்டு. ஆல்பர்ட் ஜான்சன் என்று தன்னைச் சொல்லிக்கொண்ட ஒருவனுடையது. பொறி வைத்து விலங்கு பிடிப்பவர்கள் தங்கள் பொறிகளை அவன் கலைப்பதாகப் புகார் கொடுத்தார்கள். கான்ஸ்டபிள் கிங் 1931 டிசம்பர் 26 அன்று அவன் குடிசைக் கதவைத் தட்டினார். உள்ளே ஆள் இருந்தும் பதில் இல்லை. சரி, முறைப்படி போவோம் என்று வாரன்ட் வாங்க நாய் வண்டியில் அக்லாவிக் போய், 31ஆம் தேதி திரும்பி வந்து மறுபடி தட்டினார். கதவு வழியாகவே சுட்டுவிட்டான். கூட வந்தவர்கள் அவரை வண்டியில் கட்டி ஏறக்குறைய 20 மணி நேரத்தில் அக்லாவிக் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள், பிழைத்துக்கொண்டார். குண்டுக் காயத்தோடு அந்தக் குளிரில் 20 மணி நேரம்! நர்ஸாக இருந்துகொண்டு சொல்கிறேன், எனக்கு இன்னும் நம்ப முடியவில்லை.

அதன்பிறகு நடந்தது துரத்தல். ஜனவரி 30 அன்று கான்ஸ்டபிள் மில்லனைச் சுட்டுக் கொன்றுவிட்டு, புயலில் ரிச்சர்ட்சன் மலைத்தொடரையே தனியாளாகக் கடந்தான். காரிபூ மான் கூட்டம் போன தடத்திலேயே நடந்து தன் தடத்தை மறைத்திருக்கிறான். வாப் மே என்ற விமானிதான் மேலே பறந்து அதைக் கண்டுபிடித்தார். 1932 பிப்ரவரி 17 அன்று ஈகிள் ஆற்றின் மேல் சுட்டு வீழ்த்தினார்கள். 2007இல் தோண்டி எடுத்து டிஎன்ஏ கூடப் பார்த்தார்கள், யார் என்று தெரியவில்லை.

உங்கள் பென்னிகுவிக்குக்குப் பனி காத்துக் கொடுத்தது, இங்கே பாருங்கள், அதே பனி குற்றவாளிக்கு உதவியது.

வைட்ஹார்ஸ் வாசி:

அக்கா, கிங் திரும்பிப் போய் வாரன்ட் வாங்கி வந்தாரே, அந்த இடம்தான் என்னை உலுக்குகிறது. கேட்க ஆளில்லாத காட்டில், ஒரு காகிதத்துக்காக அந்தக் குளிரில் நாய் வண்டியில் போக வரப் பயணம்.

மழைக்காலம்:

அது இருக்கட்டும், அண்ணா அன்றைக்கு டாஸன் போய்ச் சேர்ந்தாரா இல்லையா?

வைட்ஹார்ஸ் வாசி:

சேர்ந்தேன். மின்டோவில் நின்றதில் நேரம் போய்விட்டது, பெல்லி என்ற ஊரைத் தாண்டியதும் நல்ல இருட்டு, போனும் செத்திருந்தது, இருந்திருந்தாலும் அந்த ரோட்டில் பெரும்பாலும் சிக்னல் கிடையாது. ஆறு மணிக்கு வருவேன் என்று தங்குமிடத்தில் சொல்லியிருந்தேன், போகும்போது ஏழரை. வீட்டுக்கார அம்மா பார்க்காவும் (தலைமூடி வைத்த தடிமனான குளிர் கோட்டு) பூட்ஸும் மாட்டிக்கொண்டு வண்டிச் சாவியைக் கையில் வைத்தபடி வாசலில் நின்றிருந்தார். “ஆறு என்று சொன்னாய்” என்றார். அவ்வளவுதான் திட்டு. பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே போய் எனக்கு எடுத்து வைத்திருந்த சூப்பை அடுப்பில் வைத்தார்.