தம்பிட வி.ஏ. லோனுக்கு அம்மாட வளவ விக்கணுமா?

கல்லடிக்காரி:
தம்பி அமெரிக்கன் நேவில இருந்து விலகி இப்ப சான் டியாகோல வாடகைக்கு இரிக்கான். முதல் வீடு வாங்கப் போறானாம், ஒம்பது லட்சம் டொலராம்!! வெட்டரன்ஸுக்கு, அதான் முன்னாள் படையாக்களுக்கு, வி.ஏ. லோன் எண்டு ஒண்டு இரிக்காம், முற்பணமே தேவல்லையாம் எண்டு சொல்றான், அம்மா நம்புறா இல்ல, ஆரையம்பதி வளவ வித்து அனுப்புவம் எண்டு நிக்கா. அது எனக்குத் தாறதா பேசின வளவு. சும்மா வீடு தருவாங்களா? அந்த லோன்ல மட்டக்களப்பில ஒண்டு கட்டேலாதா?

மாமாங்கத்தான்:
தம்பி சொல்றது சரிதான் தங்கச்சி. காசு தாறது பேங்க், வி.ஏ. எண்டா அமெரிக்க அரசாங்கத்தில முன்னாள் படையாக்களப் பாக்கிற திணைக்களம், அது பொறுப்பு மட்டும்தான் நிக்கிது, அதால வருமானம் கிரெடிட் எல்லாம் பேங்க் பாக்கும். 2020ல இருந்து முழுத்தகுதி உள்ளவருக்கு, இந்த லோன முன்னம் எடுக்காத ஆள் மாதிரி, உச்சவரம்பும் இல்ல. மத்த லோன்ல முற்பணம் குறைஞ்சா மாசாமாசம் கட்டச் சொல்ற இன்சூரன்ஸ் இதில இல்ல. ஆனா ஃபண்டிங் ஃபீ எண்டு ஒருக்கா கட்டணும், முற்பணம் இல்லாட்டி முதல் தடவைக்கு 2.15 வீதம், அவர்ர வீட்டுக்கு 19,350 டொலர், அத லோனோடயே சேக்கலாம். வீடு அமெரிக்காவுக்குள்ளதான் இருக்கணும், மட்டக்களப்பு கனவ விடுங்க.

அக்கரைப்பற்றான்:
வட்டிக் கதை எனக்கு ஒத்து வராது, எண்டாலும் கணக்கச் சொல்றன். அந்த ஃபீயையும் லோனோட சேத்து 6.5 வீதம் எண்டு வச்சா 30 வருசத்துக்கு மாசம் 5,800 டொலர் அளவில வரும், மறுகா வீட்டு வரி, இன்சூரன்ஸ் வேற. முற்பணம் இல்லாதது பெரிசில்ல, இத மாசாமாசம் இழுக்கேலுமா எண்டுதான் பாக்கணும். அந்த லோன்ல நாலு வீடு சேர்ந்த கட்டடம் வரைக்கும் வாங்கலாம், ஒண்டில அவர் இருந்து மத்தத வாடகைக்கு விட்டா மூச்சு விடலாம்.

களுவாஞ்சி அக்கா:
வளவ வித்துப்போடாதீங்க கா. எங்கட பக்கம் வீடுவளவு பொம்புளப் பிள்ளைக்குத்தானே, இதென்ன புது வழக்கம்! வித்தாலும் பெரிய தொகைய நினைச்சபடி வெளிநாட்டுக்கு அனுப்பேலாது, சென்ட்ரல் பேங்க் கட்டுப்பாடு இரிக்கு. தம்பி வாங்கிற வீட்டுப் பதிவு, எழுத்துச் செலவுக்குக் கொஞ்சம் கையில வேணும்தான், அதில ஒரு பங்க அந்த வீட்ட விக்கிற ஆக்களையே போடச் சொல்லிக் கேக்கலாம்.

கல்லடிக்காரி:
அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டிட்டன், இன்னும் முணுமுணுக்கா. ஒண்டு கேக்கணும், நேவில இருந்து அவனுக்குக் காது கொஞ்சம் பழுது, அதுக்கு வி.ஏ.ல மாசக் காசு வருது. அது லோனுக்கு இடைஞ்சலா?

மாமாங்கத்தான்:
இடைஞ்சலா? அத முதல்ல சொல்லிரிக்கலாமே! அந்தக் காசு எடுக்கிறவருக்கு ஃபண்டிங் ஃபீயே இல்ல. வி.ஏ. குடுக்கிற தகுதிச் சான்றிதழ எடுத்து அதில ஃபீ விலக்கு எண்டு போட்டிரிக்கா பாக்கச் சொல்லுங்க, இல்லாட்டி பேங்க் கணக்கில சேர்த்துப்போடும்.